பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வயிறு கலக்குகிறது, என்ன செய்வது அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 33 வயது. காரைக்குடியில் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக ஓடுகிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிக் குன்றக்குடி வரை போய்த் திரும்புவேன், கணவர் மொபெட்டில் கூடவே வருவார். பத்து கிலோமீட்டர் வரைக்கும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டைத் தாண்டினால் அடிவயிறு முறுக்கி, அந்த நிமிடமே கழிவறைக்குப் போயாக வேண்டும்போல ஆகிவிடுகிறது. ரோட்டில் எங்கே போவது? முட்டி வலி என்று பொய் சொல்லி இரண்டு முறை வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. பணியாரமும் சட்னியும், கொண்டைக்கடலைச் சுண்டல், நாளைக்கு ஓடுகிற பிள்ளை என்று மாமியார் கிண்டித் தருகிற கும்மாயம், அவ்வளவுதான். ஒரு வாரம் அதையும் விட்டுவிட்டுப் பட்டினியாகப் படுத்தேன், எட்டாவது கிலோமீட்டரிலேயே கண் இருட்டிவிட்டது. காலையில் நாலரைக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் பால் காபி, ஆறேழு பேரீச்சம்பழம், முட்டிக்கு முன்கூட்டியே ஒரு வலி மாத்திரை. ஓடும்போது தெம்புக்குப் பாக்கெட்டில் வருகிற சர்க்கரை ஜெல். என் குடலில் ஏதும் கோளாறா? ஓட்டத்தையே விட்டுவிடட்டுமா?
பெயர் வேண்டாம், காரைக்குடி.

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்குத் தெரிந்த அத்தனை நெடுந்தூர ஓட்டக்காரர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இதே கடிதத்தை எழுதியிருக்க வேண்டியவர்கள்தான், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை, முட்டி வலி, நரம்பு பிடித்துக்கொண்டது, தூக்கமில்லை என்று எதையாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். பல வருடங்களுக்கு முன் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தபோது கண்மாய்க் கரையில் இறங்கி, சீமைக்கருவேல மரங்களுக்குப் பின்னால் உட்கார வேண்டியதாகிவிட்டது. பொழுது புலர்ந்துகொண்டிருந்தது, எந்த நேரம் யார் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, முள் கையைக் கிழித்தது, எழுந்து வந்து ரோட்டில் நின்று அழுதேன். அன்றைக்கு யாராவது ஒருவர் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வெட்கம். 2005 லண்டன் மாரத்தானில், அப்போது உலக சாதனையைக் கையில் வைத்திருந்த பவுலா ராட்கிளிஃப் கடைசிக் கட்டத்தில் வயிறு தாங்காமல், தொலைக்காட்சிக் கேமராவும் ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, சாலை ஓரத்திலேயே உட்கார்ந்து எழுந்து மறுபடி ஓடினார். 2 மணி 17 நிமிடம் 42 நொடியில் அந்தப் பந்தயத்தை ஜெயிக்கவும் செய்தார். உலகத்திலேயே வேகமான பெண்ணுக்கு வந்தது நமக்கும் வருகிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். சும்மா இருக்கும்போது இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு வயிறு, குடல், கல்லீரல் பக்கம் போகிறது. ஓட ஆரம்பித்ததும் கால் தசைக்கு ரத்தம் வேண்டும், வெயில் ஏறினால் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் வேண்டும், ஆகவே குடலுக்குப் போவதை உடம்பு பிடுங்கிக் கொடுக்கிறது. கடுமையாக ஓடும்போது வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்காகக்கூட அது இறங்கிவிடும். அந்தப் பட்டினியில் கிடக்கிற குடலைத்தான் ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் குலுக்குகிறோம், அதற்குள்தான் முந்தின ராத்திரி சாப்பிட்டது இன்னும் கிடக்கிறது. நம் ஊர் சூட்டில் விடிந்து ஒரு மணி நேரத்திலேயே சட்டை நனைந்து ஒட்டிக்கொள்கிறது, உடம்பில் நீர் குறையக் குறையக் குடலுக்கு வருகிற ரத்தம் இன்னும் குறைகிறது. உங்களுக்குப் பன்னிரண்டாவது கிலோமீட்டர் என்றால் குன்றக்குடியில் திரும்பி, வெளிச்சமும் வந்து, உடம்பு நன்றாகச் சூடேறின நேரம். பத்து வரைக்கும் ஒன்றும் இல்லாமல் அதற்குப் பிறகே தொல்லை வருவதைப் பார்த்தால் உங்கள் குடல் கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. காலுக்குக் கொடுத்த பயிற்சியை அதற்குக் கொடுக்கவில்லை.

இப்போது சனிக்கிழமை ராத்திரிக்கு வருவோம். என் மனசில் இதுதான் பெரிய காரணம். கவுச்சி இல்லை, சைவம்தானே, லேசான சாப்பாடுதானே என்று நினைக்கிறீர்கள். உங்கள் தட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளைப் பணியாரம், எண்ணெயில் பொரித்தெடுத்தது, மேலே ஊதிக்கொண்டு நடுவில் பஞ்சு மாதிரி இருக்கும், நாலு சாப்பிட்டால் எட்டு கேட்கும். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் பூண்டும் அரைத்த சட்னி. பக்கத்தில் கொண்டைக்கடலை, முழுக்க நார். அதற்கு மேல் உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவில் கருப்பட்டியும் நெய்யும் விட்டுச் சுருளக் கிண்டின கும்மாயம். ஒவ்வொன்றும் நல்ல சாப்பாடுதான், எங்கள் அப்பத்தா கிண்டிய கும்மாயத்தின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எண்ணெயும் நெய்யும் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். பருப்பு, கடலை, வெங்காயம், பூண்டு இதிலெல்லாம் சிறுகுடலில் முழுசாக ஜீரணமாகாத ஒரு வகை மாவுப்பொருள் இருக்கிறது, அது பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து வாயுவாகிறது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இருபது கிலோமீட்டர் குலுக்கும்போது தெரியும்.

அதற்காகப் பட்டினி கிடந்தீர்களே, அது இன்னொரு தப்பு. ராத்திரியும் இல்லாமல் காலையிலும் சரியாக இல்லாமல் ஓடினால் கல்லீரலில் சேர்ந்திருக்கிற சர்க்கரை தீர்ந்து கண் இருட்டத்தான் செய்யும். செய்ய வேண்டியது சாப்பாட்டை மாற்றுவது, நிறுத்துவது இல்லை. ஓடுவதற்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே நார், எண்ணெய், பருப்பு மூன்றையும் குறைத்துவிடுங்கள். கவுனி அரிசி, சிறுதானியம், கீரை எல்லாம் வாரத்தின் மற்ற நாளுக்கு இருக்கட்டும். ராத்திரி ஏழரைக்குள் இடியாப்பம், கொஞ்சம் சர்க்கரை, ரொம்பக் காரமில்லாத இளம் ரசம். நம் ஊரில் ஓட்டக்காரிக்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி ஒரு சாப்பாடு இடியாப்பம், வெறும் அரிசி மாவு, ஆவியில் வெந்தது, நார் ரொம்பக் குறைவு, எண்ணெயும் கிடையாது. ஆனால் அதோடு கத்திரிக்காய்க் கோசமல்லியை அள்ளிக் கொட்டிக்கொண்டால் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். இட்லி ஒத்துக்கொள்கிறது என்றால் இட்லி. குழைந்த வெள்ளைச் சோறும் மோரும் சிலருக்குச் சுகமாக இருக்கும்.

அந்த மாத்திரையை முதலில் நிறுத்துங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் வயிற்றின் உள்சவ்வைப் புண்ணாக்கக் கூடியவை. ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கிற குடலுக்கு மேல் அதையும் போட்டு ஓடினால் குடலின் தடுப்புச் சுவர் இன்னும் கசிய ஆரம்பிக்கும், வியர்த்து வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற முட்டியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுவதுதான் முறை. (முட்டி வலி என்று கணவரிடம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று தெரிகிறது.)

காலை காபி. காபி குடித்த சில நிமிடங்களிலேயே பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும், பலருக்கும் அப்படித்தான். நாலரைக்கு எழுந்து குடித்துவிட்டு ஐந்துக்குக் கிளம்பினால் அந்த அசைவு உங்களுக்கு ரோட்டில்தான் வரும். ஞாயிறு ஒரு நாள் மூன்றரைக்கு எழுந்துவிடுங்கள், காபியைக் குடித்து, கொஞ்சம் வெந்நீரும் குடித்து, வீட்டுக்குள்ளேயே நடந்து, கழிவறைக்குப் போன பிறகு கிளம்புங்கள். இரண்டு முறை போனாலும் நல்லதுதான். பால் சேராதவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்களில் பலருக்கே அது தெரியாது, ஆகவே மூன்று வாரம் கடுங்காப்பியாகக் குடித்துப் பாருங்கள். பேரீச்சம்பழத்தில் நாரும் அதிகம், பழச்சர்க்கரையும் அதிகம், ஆறேழு என்பது அந்த நேரத்துக்கு ரொம்ப ஜாஸ்தி. பதிலாக நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று, ஜாம் தடவின வெள்ளை பிரெட் இரண்டு துண்டு. அழகில்லாத சாப்பாடு, ஆனால் வேலை செய்யும்.

ஓடும்போது சாப்பிடுவதைப் பற்றி எழுதினால் தனி இதழே போடலாம், உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகிற வாசல் ஒன்று இருக்கிறது, அது மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் விடாது. பழச்சர்க்கரைக்கு வேறு வாசல், அதனால் இரண்டும் கலந்து எடுக்கிற தேர்ந்த வீரர்கள் 90 கிராம், அதற்கு மேலும்கூடப் போகிறார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, மணிக்கு 30, 40 கிராம் போதும், ஒரு ஜெல்லில் பொதுவாக இருபதிலிருந்து முப்பது கிராம் வரை இருக்கும். முக்கியமானது என்னவென்றால் ஜெல்லைத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும், வெறும் ஜெல்லாகவும் கூடாது, உப்புச்சர்க்கரைப் பானத்தோடும் கூடாது. கெட்டியான சர்க்கரை குடலுக்குள் போனால் அதை நீர்க்கச் செய்ய உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், அப்புறம் வயிற்றுப்போக்குதான். ஓஆர்எஸ் விஷயத்திலும் இதே தப்பைப் பார்க்கிறேன், ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்கிவிட்டு அதிக சத்து என்று நினைக்கிறார்கள். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு ஊற்றுங்கள். ஒரேயடியாக மடமடவென்று குடிக்காமல் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மூன்று வாய், தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆளைச் சாய்த்துவிடும்.

குடலைப் பழக்குவதென்றால் இதுதான். இந்த ஞாயிறு ஏழாவது கிலோமீட்டரில் பாதி ஜெல், இரண்டு வாய் தண்ணீர், அவ்வளவே. ஒத்துக்கொண்டால் அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்திலேயே குடல் பழகத் தொடங்கும், எட்டு வாரத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். ஒரு நோட்டுப் போட்டு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடு, எழுந்த நேரம், எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன ஆனது, மாதவிலக்கு எத்தனையாவது நாள் என்று எழுதி வையுங்கள். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அந்த நாட்களில் கர்ப்பப்பையைச் சுருக்குகிற அதே பொருள் குடலையும் முறுக்கிவிடும், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்தைக் குறைத்துக்கொள்வதில் ஒரு தோல்வியும் இல்லை.

அந்த எட்டு வாரமும் குன்றக்குடி ரோட்டை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டர் வட்டமாக ஓடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டு வாசல் வரும், உள்ளே கழிவறை இருக்கிறது என்கிற நினைப்பிலேயே பாதி முறுக்கு அடங்கிவிடும், பயத்துக்கும் குடலுக்கும் அவ்வளவு நெருக்கம். முறுக்க ஆரம்பித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டாதீர்கள். மூன்று நிமிடம் நடங்கள், குடலுக்கு ரத்தம் திரும்பும், பெரும்பாலும் அந்த அவசரம் கடந்து போய்விடும். மறுபடி ரோட்டுக்குப் போகும்போது விடியற்காலையில் கழிவறை திறந்திருக்கிற பெட்ரோல் பங்க் எது என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஜிப் கவரில் நாலு டிஷ்யூ பேப்பர் மடித்து இடுப்புப் பையில் வையுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுப்பு (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்), காரணமில்லாமல் எடை இறங்குவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ஓடாத நாளிலும் இதே தொல்லை, இதில் ஒன்று இருந்தாலும் என் பதிலை ஓரமாக வைத்துவிட்டு உடனே போங்கள். ஒன்றும் இல்லாவிட்டால்கூட ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கணவரிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். இருட்டில் ஐந்து மணிக்கு மொபெட்டை உருட்டிக்கொண்டு உங்கள் ஓட்ட வேகத்துக்குக் கூட வருகிற மனுஷர், இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார், பங்க் எங்கே இருக்கிறது என்று அவரே பார்த்து வைப்பார். அப்புறம் மாமியாரிடம் போய், அத்தை, இந்தச் சனிக்கிழமை எனக்கு இடியாப்பம் மட்டும் போதும், கும்மாயத்தை ஞாயிற்றுக்கிழமை நான் ஓடி முடித்து வந்த பிறகு கிண்டித் தாங்க என்று கேளுங்கள். இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, குளித்து, மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிற கும்மாயத்துக்கு ஈடே கிடையாது.