மாத்திரை போட்டானா, கேளு

அண்ணா, வணக்கம். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் தம்பிக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ‘பைபோலார்’ (மனம் ஒரு சமயம் அளவுமீறி எகிறும், ஒரு சமயம் சோர்ந்து விழும் நோய்) என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் காத்து கருப்பு என்று மந்திரித்துக்கொண்டிருந்தோம். இப்போது அம்மா, “பேரு தெரியாமலே இருந்திருக்கலாம், இனி யாரு பொண்ணு குடுப்பாங்க” என்று அழுகிறார். உங்களுக்கும் இதே நோய் என்று எழுதியிருந்தீர்கள். பெயர் தெரிந்தது நல்லதுதானா?

வாசகி, பாலக்கோடு

அன்புள்ள தங்கைக்கு,

எனக்கு நல்லதாகத்தான் இருந்தது. முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்றார். சோர்ந்து கிடந்த நாட்களில் மட்டும்தானே அவரிடம் போனேன்! பைபோலார் உள்ள சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடும். எனக்கு எகிறியது. நான்கு ராத்திரி தூக்கமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் கடனுக்கு 11 ஆடு பிடித்து வந்தேன். கட்ட இடம்கூட இல்லை. சரியான பெயர் தெரிந்த பிறகுதான் சரியான மருந்து வந்தது.

கெடுதலும் உண்டு. கிணற்றில் எங்கள் முறை நாளில் சித்தப்பா மோட்டார் போட்டிருந்தார். கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான். அவர் என் முகத்தையே பார்க்காமல் அம்மாவிடம், “மாத்திரை போட்டானா, கேளு” என்றார். அம்மாவும் உள்ளே போய் அட்டையை எடுத்து எண்ணினார். நியாயம் என் பக்கம். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. ஆடு வாங்கிய நாளைவிட அந்த நாள்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. உங்கள் தம்பிக்கு இது நடக்க விடாதீர்கள். அவன் கோபப்பட்டால் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். மறைக்காதீர்கள். நான் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். எனக்குப் பார்த்த பெண் மாத்திரையின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார், இரண்டு வாரம் கழித்துச் சரி என்றார். அதற்காக ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது.

லித்தியம் சாப்பிடுபவர் ரத்தத்தில் அதன் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். வெயிலில் தண்ணீர் குறையக் கூடாது. கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது, அளவு ஏறிவிடும். அடுத்த பரிசோதனைக்கு அம்மாவையும் பெங்களூருக்குக் கூட்டிப் போங்கள். அவர் பயத்தை டாக்டரிடமே கேட்கட்டும். நடுவில் சிரமமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.