சூரியத் தகட்டு மின்சாரத்தை வீட்டு வயரிங்கில் சேர்க்கலாமா?

கேள்வி: மொட்டை மாடியில் 165 வாட் சூரியத் தகடுகள் இரண்டும், கீழே 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும், 850 வி.ஏ. இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறேன். மின்தடையின்போது மெயினை அணைத்துவிட்டு, இரு முனையிலும் பிளக் பொருத்திய வயரால் இன்வெர்ட்டரைக் கூடத்துப் பிளக் பாயின்ட்டோடு இணைத்தால் வீடு முழுவதும் விளக்கு எரியும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வயரின் ஒரு முனையை இன்வெர்ட்டரில் செருகியவுடன், கையில் இருக்கும் மறுமுனையின் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் திறந்தபடி நிற்கும். ஒரு குழந்தை தொட்டால் போதும். மெயினை அணைக்க ஒருநாள் மறந்தாலோ, உங்கள் மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகத் தெருவுக்குப் போகும். மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கையில் இருப்பது அப்போது மின்சாரம் ஓடும் கம்பி. அது டிரான்ஸ்பார்மர் வரை எட்டிவிட்டால் மறுபக்கத்தில் 11,000 வோல்ட்டாகக்கூட உயரலாம். அந்த நிலையில் வாரிய மின்சாரம் திரும்பி வந்தால், இரண்டும் மோதி இன்வெர்ட்டர் எரிந்துபோகும்.

சரியான வழி, இரு துருவ சேஞ்ச் ஓவர் சுவிட்ச். வாரியம், நிறுத்தம், சோலார் என்ற மூன்று நிலைகளில் ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டுமே அது நிற்கும் என்பதால், மறதிக்கு அங்கே இடமே இல்லை. ஃபேஸை (மின்சாரம் வரும் கம்பியை) மட்டும் மாற்றி, நியூட்ரலைப் (அது திரும்பும் கம்பியைப்) பொதுவாக விட்டுவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி விட்டால் உங்கள் இன்வெர்ட்டர் தெருக்கம்பியோடு உள்ள தொடர்பை ஒருபோதும் அறுத்துக்கொள்வதில்லை. ஆகவே இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். சோலாரில் ஓடும் விளக்குகளின் நியூட்ரல், மற்ற அறைகளின் நியூட்ரலோடு ஏதேனும் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கலந்திருந்தால் இந்தப் பிரிப்பே வீணாகிவிடும் என்பதால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதைத் தேடிப் பிரித்துவிடுங்கள்.

வீடு முழுவதையும் இதில் ஓட்ட நினைக்க வேண்டாம். பேட்டரியில் உள்ளது 1,800 வாட்-மணி. அது நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்க வேண்டும். 75 வாட் மின்விசிறி இரண்டும் 9 வாட் எல்.இ.டி. நான்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும். அந்தச் சுற்றை மட்டும் தனியே பிரித்துக் கொடுப்பதே போதும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. தனித்து நிற்கும் இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காவிட்டால், ஒருவர் ஃபேஸைத் தொட்டாலும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாமல் போகலாம். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அப்போதும் விழும். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஆனால் எல்லா இன்வெர்ட்டரிலும் அப்படி இணைக்க முடியாது; சிலவற்றில் இணைத்தால் கருவியே கெட்டுவிடும். கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பின்பே அதைத் தொட வேண்டும்.

கேள்வி: தகட்டிலிருந்து வரும் வயருக்கு வீட்டு எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) போதாதா?
— அதே வாசகர்

பதில்: போதாது. வாரியத்தின் ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும்; தகடும் பேட்டரியும் தரும் டி.சி.யில் (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தில்) அந்த இடைவெளி இல்லாததால் பொறி நீடித்து சுவிட்சையே உருக்கிவிடக்கூடும். டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி.யைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் பேட்டரியிலிருந்து 65 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், அங்கே தடித்த, குட்டையான கேபிளும், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸும் அவசியம். தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்று சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் அடுத்துத் தகட்டையும் இணையுங்கள். கழற்றும்போது தகட்டை முதலில் கழற்றுங்கள்.