45 நாளுக்கு ஒரு தடவ பீரியட்ஸ் வந்தா 14ஆம் நாள் கணக்கு சரியா வருமா? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 28 வயசு, கல்யாணம் ஆகி ரெண்டரை வருஷம் ஆச்சு. வயசுக்கு வந்ததுல இருந்தே எனக்கு பீரியட்ஸ் ஒழுங்கா வராது. போன வருஷம் இங்க ஒரு டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி இருக்குன்னு சொல்லி பீரியட்ஸ் வர்றதுக்கு மாத்திரை குடுத்தாங்க, போட்டா வருது, விட்டா நின்னுடுது. இந்த வருஷம் மாத்திரை இல்லாம தானா வந்தது ஜனவரி 4, பிப்ரவரி 18, ஏப்ரல் 19, மே 27, எல்லாம் காலண்டர்ல சுழிச்சு வச்சிருக்கேன். அவரு திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கக்கிழமை விடிகாலைல கிளம்பிடுவாரு. 14ஆம் நாள்தான் கரு நிக்கும்னு சொல்றதால அந்த நாளுக்குன்னு லீவு போட்டு வர சொல்லுவேன், சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கிட்டு வருவாரு. நாள் தள்ளுற ஒவ்வொரு தடவையும் யாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி கிட் வச்சு பாப்பேன், ஒரு கோடுதான். அதை பேப்பர்ல சுத்தி குப்பைல போட்டுட்டு போய் அத்தைக்கு காப்பி போடுவேன். இப்போ லெட்ரோசோல்னு ஒரு மாத்திரை எழுதி குடுத்திருக்காங்க, நாத்தனார் போன்ல தேடி பாத்துட்டு இது கேன்சர் மாத்திரைன்னு சொல்லிட்டாங்க, பயந்துகிட்டு போடாம வச்சிருக்கேன். எடை 74 கிலோ, உயரம் 5 அடி 1 அங்குலம். எனக்கு குழந்தை பொறக்குமா?
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: உங்க லெட்டர்ல அந்த நாலு தேதிதான்மா எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். 14ஆம் நாள் முட்டை வெளிய வரும்ங்கறது 28 நாளைக்கு ஒரு தடவ டாண்னு பீரியட்ஸ் வர்றவங்க கணக்கு. உண்மைல கணக்கு முன்னாடி இருந்து போறதே இல்ல, பின்னாடி இருந்து வரணும், அதாவது முட்டை வெளிய வந்து ஏறக்குறைய 14 நாள் கழிச்சுதான் அடுத்த பீரியட்ஸ் வருது, ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்ன இருக்கலாம். உங்களுக்கு பிப்ரவரி 18 பீரியட்ஸ் வந்திருக்கு, அப்போ முட்டை வந்திருந்தா பிப்ரவரி 4ஆம் தேதி வாக்குலதான் வந்திருக்கும். ஆனா நீங்க அவர லீவு போட்டு வர சொன்னது ஜனவரி 17, 18ல. அடுத்த தடவ ஏப்ரல் 19, அப்போ முட்டை ஏப்ரல் 5 பக்கம், நீங்க காத்திருந்தது மார்ச் 3. ஒரு மாசம் முன்னாடியே பஸ் ஸ்டாப்புல போய் நின்ன மாதிரி ஆயிடுச்சும்மா, பாவம் அந்த பையன் திட்டு வாங்குனது வேற.

இதுலயும் ஒரு விஷயம் இருக்கு, “முட்டை வந்திருந்தா”ன்னு சொன்னேன் பாருங்க. பீரியட்ஸ் 35 நாளைக்கு மேல தள்ளி தள்ளி வர்றவங்களுக்கு பல தடவ முட்டையே வெளிய வராது, கர்ப்பப்பை உள்பக்கம் வளர்ந்த சவ்வு தாங்க முடியாம தானா உதிரும், அதையும் நாம பீரியட்ஸ்னுதான் நெனச்சுக்குறோம். போன வருஷம் மாத்திரை போட்டப்ப வந்ததும் அப்படித்தான், அந்த மாத்திரை உதிரத்த கொண்டு வரும், முட்டைய கொண்டு வராது. அதுக்காக அது வேஸ்ட்டுன்னு சொல்லல, 3 மாசத்துக்கு மேல பீரியட்ஸே வராம விட்டா அந்த சவ்வு தடிச்சுகிட்டே போகும், அது நல்லதில்ல, அதனால அந்த மாத்திரைக்கும் வேலை இருக்கு, ஆனா அதை போட்டுட்டு குழந்தைக்கு ட்ரீட்மெண்ட் எடுக்கறோம்னு ஒரு வருஷம் ஓட்டுறதுலதான் எனக்கு ஆதங்கம், எத்தனை பொண்ணுங்க இப்படி வயச தொலைச்சுட்டு வந்து நிக்குறாங்க.

நீர்க்கட்டிங்கற வார்த்தைக்கு பயப்படாதீங்க. அது கட்டியே இல்ல, முழுசா வளராம பாதில நின்னு போன குட்டி குட்டி முட்டைப் பைகள், ஸ்கேன்ல கருப்பா முத்து கோத்த மாதிரி தெரியும். கரைக்கவும் வேணாம், வெட்டி எடுக்கவும் வேணாம். சொல்லப்போனா முட்டை இருப்பு உங்களுக்கு நெறையவே இருக்கும், ஒண்ணு முழுசா வளர்ந்து வெடிச்சு வெளிய வர்றதுலதான் சிக்கல், அதுக்கு வழி இருக்கு.

லெட்ரோசோல் விஷயத்துல உங்க நாத்தனார் சொன்னது பொய் இல்ல, அது மார்பக புற்றுநோய்க்கு வந்த மாத்திரைதான். நம்ம நாட்டுல 2011ல குழந்தையின்மைக்கு இதை குடுக்கக் கூடாதுன்னு தடையே போட்டாங்க, 2017ல அந்த தடைய எடுத்துட்டாங்க. நடுவுல 2014ல அமெரிக்காவுல பிசிஓஎஸ் (இந்த நீர்க்கட்டி பிரச்சனைக்குத்தான் அந்த பேரு) இருக்கற 750 பொண்ணுங்கள வச்சு செஞ்ச பெரிய ஆய்வுல, அதுவரைக்கும் எல்லாரும் குடுத்துட்டு இருந்த க்ளோமிஃபீனை விட இதுலதான் அதிகம் பேருக்கு குழந்தை பொறந்துச்சு. இன்னைக்கு பிசிஓஎஸ்ஸுக்கு உலகம் பூரா முதல்ல எழுதுறது இதைத்தான். பீரியட்ஸ் வந்த 2ஆவது நாள் இல்லன்னா 3ஆவது நாள்ல ஆரம்பிச்சு 5 நாள் மட்டும்தான் போடுவீங்க. ஆனா பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல நீங்களா வாங்கி போடாதீங்க, முன்னாடி கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணணும், போட்ட அப்புறம் ஃபாலிக்குலர் ஸ்டடி எடுக்கணும், முட்டைப் பை 18, 20 மில்லிமீட்டர்னு வளருதா, வெடிச்சுதான்னு ஸ்கேன்ல பாப்பாங்க. உங்க வீட்டுக்காரருக்கு எப்போ லீவு வேணும்னு அந்த ஸ்கேன்தான் சொல்லும், காலண்டர் சொல்லாது. வெளிய வந்த முட்டை ஒரு நாள்தான் தாங்கும், ஆனா விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், அதனால முட்டை வெடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரு வந்துட்டு போனாலும் போதும்.

அதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட தைராய்டு, ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்குற ஹார்மோன்), சுகர் மூணும் பாத்தாச்சான்னு கேளுங்க. தைராய்டு மட்டும் சரி பண்ணி பீரியட்ஸ் ஒழுங்கானவங்கள நானே நெறைய பாத்திருக்கேன். ஃபோலிக் ஆசிட் இன்னைல இருந்தே தினம் போடுங்க, கரு நின்ன அப்புறம் ஆரம்பிச்சா குழந்தையோட முதுகுத்தண்டு உருவாகுற நாளே தாண்டிடும். எடை பத்தி, யாரோ 20 கிலோ குறைக்க சொல்லிருப்பாங்க, அதெல்லாம் வேணாம், இருக்கற எடைல 5 சதவீதம் குறைஞ்சாலே சிலருக்கு முட்டை தானா வர ஆரம்பிச்சுடும், உங்களுக்கு அது 4 கிலோகூட இல்ல. சாயங்காலம் அரை மணி நேரம் வேகமா நடங்க, தட்டுல சோறு ஒரு கரண்டி குறைச்சு பொரியலோ முட்டையோ சேத்துக்கோங்க, பட்டினி மட்டும் கிடக்காதீங்க.

அப்புறம் அந்த கிட். உங்களுக்கு நாள் தள்ளுறத வச்சு டெஸ்ட் பண்ணா மனசுதான் உடையும், கடைசியா சேர்ந்திருந்ததுல இருந்து 21 நாள் கழிச்சு பாருங்க, அப்போ வர்ற ரிசல்ட்டை நம்பலாம். பொறக்குமான்னு கேட்டீங்க, இந்த தேதிக்குள்ள பொறக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா, ஆனா உங்க வயசுல உங்கள மாதிரி பிரச்சனையோட வந்து குழந்தையோட போனவங்கதான் அதிகம்.

கேள்வி: என் மனைவிக்கு பீரியட்ஸ் ஒழுங்கா வர்றதில்ல, ட்ரீட்மெண்ட் போயிட்டிருக்கு. டாக்டர் எனக்கும் விந்தணு டெஸ்ட் எடுக்க சொல்றாங்க. குறை அவங்ககிட்டதான்னு தெரிஞ்ச அப்புறம் எனக்கு எதுக்கு டெஸ்ட்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தம்பி, அவங்ககிட்ட ஒண்ணு இருக்குங்கறதால உங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது. குழந்தைக்காக வர்ற ஜோடிகள்ல ஏறக்குறைய பாதி பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கு. அவங்க ஊசி, மாத்திரை, உள்ள விட்டு பாக்குற ஸ்கேன்னு எல்லாத்தையும் தாங்கிட்டு இருக்காங்க, உங்களுக்கு கேக்குறது ஒரு டப்பா, சில நூறு ரூபா. அவங்களுக்கு ஆறு மாசம் முட்டை வளர வச்ச அப்புறம் உங்க கவுண்ட் கம்மின்னு தெரிஞ்சா அந்த ஆறு மாசத்த யாரு திருப்பி குடுப்பாங்க?

2 நாள்ல இருந்து 7 நாள் இடைவெளி விட்டு போங்க, லேப்ல குடுக்கற டப்பாலதான் எடுக்கணும், எண்ணெய் சோப்பு எதுவும் படக் கூடாது. வீட்டுல எடுத்தா சட்டைக்குள்ள உடம்பு சூட்டோட வச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்துடுங்க, கொஞ்சம் சிந்திட்டா கூச்சப்படாம சொல்லிடுங்க. விந்தணு உருவாக ரெண்டரை மாசம் ஆகும், அதனால சமீபத்துல டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல் வந்திருந்தா கவுண்ட் கம்மியா காட்டலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவுக்கு வராம கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவ எடுப்பாங்க. ரிப்போர்ட் வாங்க போறப்போ அவங்களையும் கூட்டிட்டு போங்க.