ஆறுதலாய்ப் போய் ஆறுதலாய் வர: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலைநாட்டுப் பயணம் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

நாங்கள் ஒன்பது பேர். அம்மம்மாவுக்கு 72 வயது, இரண்டு சின்னப் பிள்ளைகளும் வருகினம். வெள்ளி பின்னேரம் வேலை முடிய வான் பிடித்து, ஞாயிறு இரவு வீட்டுக்கு வர யோசனை. றம்பொடை, டெவன், சென் கிளயர், இராவணன் எல்ல, தியலும, துன்ஹிந்த ஆகிய ஆறு நீர்வீழ்ச்சியும் ஹக்கலப் பூங்காவுமாக ஏழு இடம் பட்டியலில் இருக்கு. சரிவருமா?
*வாசகி, கொக்குவில்*

சரிவராது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏ-9 வீதியால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். இடையில் இறங்கி ஏறும் நேரத்தோடு ஏழெட்டு மணித்தியாலம். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தான் என்றாலும் அதற்கு மூன்று மணித்தியாலம் வையுங்கள், வளைவுகளில் வான் 25, 30க்கு மேல் ஓடாது. யாழ்ப்பாணத்துக் கணக்கில் தூரத்தைப் பார்த்து நேரம் போடுவதுதான் எல்லாரும் விடும் பிழை. மலையில் கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள், மணித்தியாலத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஏழையும் சுற்றி வந்தால் 1000 கிலோமீற்றரைத் தாண்டும். அந்த இரண்டு நாளில் 25 மணித்தியாலத்துக்கு மேல் அம்மம்மா வான் சீற்றிலேயே இருப்பா.

ஏழில் இராவணன் எல்ல, தியலும, துன்ஹிந்த மூன்றையும் வெட்டுங்கள். அவை ஊவாப் பக்கம், அதற்கு வேறொரு பயணம் வேண்டும். வெள்ளியோ திங்களோ போயா விடுமுறையாக வரும் வாரத்தைத் தேர்ந்து, அதோடு ஒரு நாள் லீவும் எடுத்து, மூன்று இரவு தங்குங்கள்.

முதல் நாள் விடிய 4.30க்கு வெளிக்கிட்டால் முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு, வவுனியாவில் காலைச் சாப்பாட்டுக்கு நிற்கலாம். மதியம் தாண்டக் கண்டி. பின்னேரம் பேராதனைப் பூங்கா, 147 ஏக்கர். முழுவதும் நடக்க வெளிக்கிடாமல் ஓர்க்கிட் வீட்டையும் பெருமரச் சாலைகளையும் மட்டும் பார்த்தால் போதும். இரவு கண்டியில்.

இரண்டாம் நாள் 7 மணிக்குப் புறப்பட்டால் 9 மணிபோல் றம்பொடை. 109 மீற்றர் உயரம். படி இறங்க ஏலாதவர்கள் வீதிப் பாலத்தடியில் நின்றே மேல் பகுதியைப் பார்க்கலாம், அம்மம்மாவுக்கு அது போதும். மதியம் நுவரெலியாவில் அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு 2 மணிக்கு ஹக்கல. போகும் வழியிலேயே சீதை அம்மன் கோயில். ஹக்கல பத்துக் கிலோமீற்றர்தான், ஆனால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் பூ ஒன்றும் தெரியாது. அதனால் நேரத்தோடு போங்கள்.

மூன்றாம் நாள் வந்த வழியால் திரும்பாதீர்கள். நானுஓயா, தலவாக்கலை வழியாக ஏ-7 வீதியில் இறங்கினால் சென் கிளயர் (80 மீற்றர்), டெவன் (97 மீற்றர்) இரண்டும் வீதியோரத்திலிருந்தே தெரியும், நடை இல்லை. சென் கிளயருக்கு வரும் தண்ணீர் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கும் போகிறது. பழைய படங்களில் கண்ட அகலத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். டெவன் அந்த ஏமாற்றத்தைத் தராது. பிறகு ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்கி, இரவு மாத்தளையிலோ தம்புள்ளையிலோ படுங்கள். நான்காம் நாள் மதியச் சாப்பாடு வீட்டில்.

அறை பதியும்போது மூன்றைக் கேளுங்கள்: கீழ்மாடி அறை உண்டா, சுடுதண்ணீர் காலையிலும் வருமா, வான் நிறுத்த இடம் உண்டா. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாசியில் விடியப்புறம் உறைபனி விழுவதும் உண்டு. நம்மவர் கொண்டுபோகும் ஒற்றைப் போர்வை காணாது.

எனக்கு இரண்டு இரவுதான் கிடைக்கும். நுவரெலியா வேண்டாம் என்றால் வேறு எங்கே?
*வாசகர், சாவகச்சேரி*

மாத்தளையில் இடப்பக்கம் திரும்புங்கள். ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறும் வீதி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓரத்தால் போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளை 300 கிலோமீற்றருக்குள். அங்கிருந்து ரிவஸ்டன் இன்னும் முப்பது கிலோமீற்றர் அளவு. நுவரெலியாவோடு ஒப்பிட்டால் போகும்போது மூன்று, வரும்போது மூன்று என்று ஆறு மணித்தியாலம் மிச்சம்.

ரத்தோட்டைக்கு அருகே பம்பரகிரி எல்ல, தொங்குபாலத்தோடு சிறிய நீர்வீழ்ச்சி. அதற்கு மேல் பனியும் காற்றும் உள்ள உச்சி, பிறகு பிட்டவல பத்தனைப் புல்வெளி. லக்கலப் பக்கம் இறங்கினால் சேர எல்ல. விழும் தண்ணீருக்குப் பின்னால் போய் நிற்க ஒரு குகை இருக்கிறது. உயரத்தில் டெவனுக்குக் கிட்டவும் வராது. ஆனாலும் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

பெற்றோலை மாத்தளையிலேயே நிரப்புங்கள். வீதி ஒடுக்கம், எதிரே வாகனம் வந்தால் யாரோ ஒருவர் பின்னுக்கு எடுக்கவேண்டும். புதிதாக ஓடப் பழகியவர் கையில் ஸ்டேரிங்கைக் கொடுக்க வேண்டாம்.

எந்த மாதம் போனால் தண்ணீரும் பூவும் சேர்ந்து கிடைக்கும்?
*வாசகி, உரும்பிராய்*

இந்தக் கடிதங்களில் மிக நல்ல கேள்வி இது. இரண்டும் இலகுவில் சேராது.

றம்பொடை, டெவன், சென் கிளயர் எல்லாம் மேற்குச் சரிவு. அவற்றுக்குத் தண்ணீர் தருவது மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேல் பருவமழை. துன்ஹிந்த, தியலும, இராவணன் எல்ல கிழக்குப் பக்கம். நமக்கு மாரி பொழியும் அதே வடகீழ் மழைதான் அவற்றையும் நிரப்பும். எனவே கார்த்திகை, மார்கழியில் யாழ்ப்பாணத்தில் வெள்ளம் நிற்கும்போது மேற்குச் சரிவுக்குப் போய் நீர்வீழ்ச்சியைத் தேடுவதும், ஆடியில் துன்ஹிந்தவுக்குப் போய் நிற்பதும் தலைகீழ் வேலை.

நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் பூ நிறைவது மார்ச் முதல் மே வரையும், ஓகஸ்ட், செப்ரெம்பரிலும். சித்திரையில் பூ உச்சம். ஆனால் மாசி, பங்குனி வறட்சி முடிந்த கையோடு வருவதால் நீர்வீழ்ச்சி நூலாய்த்தான் விழும். வசந்தகாலக் கொண்டாட்டம் என்று நாடே அங்கே நிற்பதால் அறை வாடகையும் ஏறிவிடும். ஆனி, ஆடியில் தண்ணீர் உச்சம், பூ அழுகியிருக்கும், பனிமூட்டத்தில் நீர்வீழ்ச்சியின் சத்தம் மட்டும் கேட்கும் நாட்களும் உண்டு.

மிஞ்சுவது ஓகஸ்ட் கடைசி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை. மழை தணியும், தண்ணீர் குறையாது, இரண்டாம் பூப்பும் தொடங்கியிருக்கும். நல்லூரில் தீர்த்தம் முடிந்த அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பிழைக்காது.

ஒக்ரோபர், நவம்பரில் மாலையில் இடிமழையும் மண்சரிவும் வரும் காலம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாட்டு வீதிகள் பல இடங்களில் இடிந்து போயின. எந்த மாதம் போனாலும், புறப்படும் முதல் நாள் தங்குமிடத்துக்குத் தொலைபேசி எடுத்து எந்த வீதி திறந்திருக்கிறது, பெரிய வான் போகுமா என்று கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக வெளியிடுகிறது. போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் என்றால் பகல் ஓட்டம் மட்டும், செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வீடியோக்களில் வருவதுபோலப் பூ வயல் எங்கே இருக்கு? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே நிறத்தில் பூத்திருக்கிற மாதிரி.
*வாசகி, பருத்தித்துறை*

அப்படி ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். மலைநாட்டில் விற்பனைக்கு வளர்க்கும் பூ பெரும்பாலும் பொலித்தீன் கூடாரத்துக்குள் இருக்கிறது. வெளியாருக்குக் கதவு திறக்காது. பூவுக்கென்றே போவதானால் ஹக்கல. 1861இல் சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம், இன்று ரோசாத் தோட்டத்துக்குப் பேர்போனது.

செலவில்லாத பூவும் உண்டு. தேயிலைத் தோட்ட வீதியோரங்களில் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாய்ப் படர்ந்து கிடக்கும். லயன் வீட்டு வாசல்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாய் நிற்கும். தேயிலை மண் அமிலத் தன்மை உள்ளதால்தான் அந்த நீலம். கன்று வாங்கிவந்து நம் சுண்ணாம்புக் கல் மண்ணில் வைத்தால் பூ இளஞ்சிவப்பாகும், அதுவும் கோடை வெயிலில் தப்பினால்தான்.

வன்னிக் குளங்களில் தாமரை பார்க்க நினைத்தால், போகிற வழியில் காலை வெயில் ஏறமுதலே நின்று பாருங்கள். மதியம் போனால் பூ சுருங்கிவிடும்.

எங்களிடம் ஹைபிரிட் கார். யாழ்ப்பாணத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. மலைக்குக் கொண்டு போகலாமா?
*வாசகர், நல்லூர்*

போகலாம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. நம் ஊரில் தொடர்ந்து இறங்கும் வீதி கிடையாது. அதனால் பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கும் பழக்கம் பிழை என்று ஒருவருக்கும் தெரியவராது. றம்பொடை இறக்கத்தில் பத்து நிமிடம் அப்படிக் காலை வைத்திருந்தால் பிரேக் தட்டு பழுக்கும், பிரேக் ஒயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை குறையும். கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றாமல் மலை ஏற வேண்டாம்.

இறங்கும்போது ஹைபிரிட் காரில் ‘பி’ (பார்க்கிங் ‘பி’ இல்லை, ‘டி’க்குக் கீழே இருக்கும் ‘பி’), சாதாரண ஓட்டோ கியரில் ‘எல்’ அல்லது ‘2’, கைக் கியரில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியர். நீண்ட இறக்கத்தில் ஹைபிரிட் பற்றரி நிறைந்துவிடும், அதன் பிறகு மோட்டரால் வேகத்தைப் பிடித்து வைக்க முடியாது. அங்கேதான் ‘பி’ எஞ்சினைக்கொண்டு காரை இழுத்துப் பிடிக்கிறது. வளைவுக்கு முன் பிரேக்கை ஒருமுறை உறுதியாக மிதித்து விடுங்கள், தடவிக்கொண்டே போகாதீர்கள்.

எரிந்த மணம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம், சூட்டில் தட்டு நெளியும், வெடிக்கும். பல ஹைபிரிட் கார்களில் பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் உண்டு. பை, போர்வையால் அதை அடைத்துவிடாதீர்கள். அந்தத் துவாரத்தில் செம்மண் புழுதி படிந்த வடியையும் (பில்டர்) போகுமுன் துடைப்பியுங்கள்.

660 சீசீ வாகன் ஆரில் பெரியவர்கள் நாலு பேரும் பெட்டிகளும் என்றால், ஏறும்போது ஏசியை நிறுத்துங்கள். மேலே போனால் ஏசி தேவையும் இல்லை.

பிள்ளைகள் வளைவுகளில் சத்தி எடுக்கினம். சாப்பாடு என்ன கட்டலாம்?
*வாசகி, மானிப்பாய்*

கண்டி தாண்டும்வரை வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம், வெறும் வயிற்றிலும் ஏற்ற வேண்டாம். நடுச் சீற்றில் முன்னுக்குப் பார்த்தபடி இருக்கட்டும், போன் கையில் வேண்டாம். சத்தி மாத்திரை ஏற்றம் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன் கொடுத்தால்தான் பலன். அளவை மருந்தகத்தில் வயது சொல்லிக் கேளுங்கள்.

தேங்காய்ப்பூ போட்ட புட்டும் பச்சைச் சம்பலும் வவுனியாவோடு முடியவேண்டும், வெயிலேற நொந்துவிடும். நாலு நாளுக்கும் நிற்பது பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், எள்ளுப்பாகு.

நீர்வீழ்ச்சியில் குளிக்கலாமா? அட்டைக்கு என்ன செய்வது?
*வாசகர், காரைநகர்*

கடலில் நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். நன்னீரில் உடல் அவ்வளவு மிதக்காது, விழும் இடத்தில் நுரை கலந்த தண்ணீரில் இன்னும் குறைவு. இராவணன் எல்லயில் பலர் இறந்திருக்கிறார்கள். உள்ளூர்ச் சனம் குளிக்கும் ஆழமில்லாத இடத்தில் மட்டும் இறங்குங்கள். தெளிந்த தண்ணீர் மண்ணிறமானால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் திடீரெனக் கூடினால், மேலே மழை. உங்களுக்கு வெயில் எறித்தாலும் அந்தக் கணமே ஏறுங்கள். செருப்பைப் பிறகு தேடலாம்.

அட்டைக்கு: சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே மேசுக்கு வெளியே தேயுங்கள், உப்பைத் துணியில் முடிந்து வைத்திருங்கள். கடித்ததைப் பிடித்து இழுக்காமல் அந்த உப்பு முடிச்சால் தொட்டால் தானாக விழும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அழுத்திப் பிடித்தால் போதும்.

திரும்பும்போது இரவோடு இரவாக ஓடி வந்தால் ஒரு நாள் அறைக் காசு மிச்சம்தானே?
*வாசகர், கோண்டாவில்*

காசு மிச்சம். ஆனால் மதவாச்சிக்கு வடக்கே இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்துக் கிடக்கும். பகல் வெயிலில் சூடேறிய தார் இரவிலும் வெதுவெதுப்பாக இருப்பதால் அவை அதை விட்டு எழும்பாது. கறுப்பு மாடு லைற்றில் தெரியும்போது தூரம் மிஞ்சாது. நாலு நாள் மலையில் ஓடிய சாரதிக்கு நேர் வீதி வந்தவுடன்தான் நித்திரையும் வரும். அதனால் அவருக்கும் சேர்த்துத் தம்புள்ளையில் ஓர் அறை எடுங்கள். வாடகை வானானால், சாரதியின் படுக்கையையும் சாப்பாட்டையும் யார் கொடுப்பது என்பதை வெளிக்கிடுமுன்னே பேசிவிடுங்கள்.