பட்டாம்பூச்சி வர என்ன வாங்க வேண்டும்?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சியும் தேனீயும் சின்னப் பறவைகளும் வர வேண்டும் என்று ஆசை. பூ விதைக் கலவை, மரத்தில் செய்த தேனீ வீடு, பறவைத் தண்ணீர்த் தொட்டி மூன்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தொகுப்பாக வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல செடிகளுக்குச் செலவு செய்யுங்கள்.

செடி வாங்கும்போது விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இதற்கு என்ன மருந்து போட்டீர்கள்?” என்பதுதான். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லி மருந்துகள் வேர் வழியாகச் செடி முழுக்கப் பரவி, தேனிலும் மகரந்தத்திலும் சேர்ந்துவிடும். கழுவினாலும் போகாது. தேனீக்களுக்கு ஆபத்து என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதையும் இதன் வகையைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. பூச்சிக்காக ஆசையாக வாங்கி வைத்த செடியே அதைக் கொன்றுவிட்டால் எவ்வளவு வேதனை! சரியான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். இலையில் புழு கடித்த ஓட்டை இருந்தால் அந்தச் செடியை ஒதுக்காதீர்கள், அது நல்ல அறிகுறி.

அடுக்கு அடுக்காக இதழ் உள்ள பூக்களைத் தவிர்த்து ஒற்றை அடுக்குப் பூக்களை எடுங்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருப்பதால் தேனீக்குக் கிடைப்பது குறைவு. பட்டாம்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது, முட்டையிடவும் செடி வேண்டும். எலுமிச்சைச் செடி ஒன்று இருந்தால் இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கலாம். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தயவுசெய்து தட்டிவிடாதீர்கள்.

தேனீ வீட்டில் கூட்டமாக வாழும் தேனீ குடியேறாது. அது தனித்து வாழும் தேனீக்களுக்கானது. அவற்றிலும் பெரும்பாலானவை மண்ணில்தான் வளை தோண்டும். அதனால் வெயில் படும் ஒரு மூலையைக் கொத்தாமல் விட்டுவைப்பதே பெரிய உதவி. வாங்கியே ஆக வேண்டுமென்றால் துளையின் ஆழத்தை அளந்து பாருங்கள், 15 செ.மீ. அளவு வேண்டும். தாய்த்தேனீ பெண் முட்டைகளை உள்ளேயும் ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். ஆழம் குறைந்தால் பெண் தேனீக்கள் குறைந்துவிடும். துளை 2 முதல் 10 மி.மீ. அகலத்தில், பின்பக்கம் அடைத்ததாக இருக்கட்டும். குழல்களைக் கழற்றி மாற்ற முடியாவிட்டால் உண்ணியும் பூஞ்சையும் பெருகிவிடும்.

விதைக் கலவையில் செடிகளின் பெயர்ப் பட்டியல் இல்லையென்றால் தொடவே வேண்டாம். உங்கள் பகுதிக்கு ஒவ்வாத, பரவிப்போகும் களைகள்கூட அதில் இருக்கலாம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பூந்தொட்டியின் அடித்தட்டே போதும். 5 செ.மீ.க்கு மேல் தண்ணீர் வேண்டாம். பூச்சிகள் உட்கார நடுவில் ஒரு கல் வையுங்கள். அப்புறம், கொசு பெருகாமலிருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள்.