பட்டறை கேள்வி பதில்: ஊசிய எங்க குத்தணும்னு எப்படி தெரிஞ்சுது?

கேள்வி: அண்ணே, 1888ல பெர்தா பென்ஸ்னு ஒரு அம்மா, புருஷன் செஞ்ச காரை அவருக்கே தெரியாம எடுத்துட்டு ஜெர்மனில 100 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போனாங்க, வழில நின்னப்ப தொப்பி ஊசிய வச்சு சரி பண்ணாங்கன்னு படிச்சேன். அவங்க இன்ஜினியருக்குப் படிச்சவங்க இல்லையே, கோளாறு எங்கன்னு எப்படி கண்டுபிடிச்சிருப்பாங்க?
(வாசகி, கரூர்)

பதில்: எவ்வளவு நாளா இந்த கேள்விய யாராவது கேக்கமாட்டாங்களான்னு இருந்தேன்மா. அந்த ஊசிய பத்தி எல்லாரும் பேசுறாங்க, அத எங்க குத்தணும்னு அவங்களுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு கேக்க ஆள் இல்ல.

படிக்கலதான், ஆனா அந்த இன்ஜின் சத்தம் அவங்க காதுக்குப் பழகினது. கல்யாணத்துக்கு முன்னாடியே தன் சீதனப் பணத்த கார்ல் பென்ஸோட பட்டறைல போட்டவங்க அவங்க, 1879 டிசம்பர் 31 ராத்திரி அவரோட டூ ஸ்ட்ரோக் இன்ஜின் முதல் தடவையா நிக்காம ஓடினப்பவும் பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு இருந்தாங்க, அப்படிப்பட்டவங்களுக்கு இன்ஜின் சத்தம் மாறினா தெரியாம போகுமா?

வண்டியும் சிக்கலான வண்டி இல்ல. மூணு சக்கரம், ஒரே சிலிண்டர். லிக்ராயின்னு துணில கறை எடுக்க மருந்துக்கடைல விக்கிற ஒரு எண்ணெய் இருக்கும், அதுதான் அதுக்கு பெட்ரோல், காத்து அது மேல போய் ஆவிய அள்ளிட்டு சிலிண்டருக்குள்ள போகும், பேட்டரியும் காயிலும் சேர்ந்து தீப்பொறி குடுக்கும், அவ்வளவுதான். அப்போ ஓடிட்டு இருந்த இன்ஜின் நின்னா முதல்ல சந்தேகப்பட ரெண்டே இடம், ஒண்ணு எண்ணெய் வரல, இல்ல கரண்ட் வரல. எண்ணெய் பத்தலன்னா இன்ஜின் உடனே சாகாது, திணறும், விட்டு விட்டு இழுக்கும், அப்புறம்தான் நிக்கும். கரண்ட் கட் ஆனா பட்டுனு நின்னுடும். ஒயர் எங்கயாவது உரசி பாடில ஷார்ட் ஆனா குலுங்குறப்ப எல்லாம் வெட்டி வெட்டி அடிக்கும். அவங்களும் இப்படித்தான் பிரிச்சுப் பாத்திருப்பாங்கன்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னா கதைல வர்ற ரெண்டு வைத்தியமும் சரியா இந்த ரெண்டுக்கும்தான், அடைச்ச எண்ணெய் குழாய்க்கு தொப்பி ஊசி, தேஞ்சுபோன இக்னிஷன் ஒயர சுத்த காலுறை நழுவாம இருக்க கட்டுற பட்டை.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பழைய ஸ்கூட்டர் வந்துச்சு, 2 கிலோமீட்டர் போனா திணறி நின்னுடும், கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஓடும். நான் பிளக்க கழட்டி கழட்டி மாட்டிட்டு இருந்தேன், முதலாளி வந்து டேங்க் மூடிய லேசா திறந்தாரு, புஸ்ஸுனு காத்து உள்ள போச்சு, மூடில இருக்குற சின்ன ஓட்டை அடைச்சிருந்துச்சு அவ்வளவுதான். "எப்படி நின்னுச்சுன்னு முதல்ல கேளு, அப்புறம் ஸ்பேனர தொடு"ன்னாரு. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் செய்றேன்.

கேள்வி: அந்தப் பயணத்துல வழியெல்லாம் தண்ணி ஊத்திட்டே போனாங்களாமே, தண்ணி எங்கயாவது ஒழுகுச்சா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: ஒழுகல தம்பி, கொதிச்சு ஆவியா போச்சு. நம்ம கார்ல இருக்குற மாதிரி ரேடியேட்டர் அதுல கிடையாது, சிலிண்டர சுத்தி இருக்குற தண்ணி கொதிச்சுப் போறதுதான் சூட்ட வெளிய எடுக்குற வழி. 1 லிட்டர் தண்ணிய சாதா சூட்டுல இருந்து கொதிநிலைக்கு கொண்டுவர ஆகுற சூட்ட விட, கொதிச்சத முழுசா ஆவியாக்க 6 மடங்குக்கு மேல சூடு வேணும், அதனால நல்லாவே வேலை செஞ்சுது. என்ன, கிணறு வாய்க்கால்னு கண்ட இடத்துல எல்லாம் நிறுத்தணும். எண்ணெயும் அப்படித்தான், வீஸ்லோக் ஊர் மருந்துக்கடைல வாங்கினாங்க, உலகத்துல முதல் பெட்ரோல் பங்க்னு இன்னிக்கும் அந்த கடைய காட்டுறாங்க.

கேள்வி: வழில பட்ட கஷ்டத்தால காருக்கு ஏதாவது மாற்றம் வந்துச்சா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: வந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போற வழில மேடு வந்தா வண்டிக்கு இழுவை பத்தல, கூட வந்த பசங்க ஆய்கனும் ரிஷார்டும் இறங்கி தள்ளினாங்க. இறக்கத்துல மரக் கட்டை பிரேக் தேஞ்சு பிடிக்கல, பவுஷ்லாட்டுங்கற ஊர்ல செருப்பு தைக்கிறவர்கிட்ட சொல்லி கட்டை மேல தோல் அடிக்க வச்சாங்க, நாம இன்னிக்கு மாத்துற பிரேக் லைனிங்குக்கு தாத்தா அந்த தோல்தான். கார்ல் பென்ஸ் பட்டறைக்குள்ளயும் மான்ஹைம் ரோட்லயும் எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்த வண்டிதான், ஆனா முழு நாள் ஓட்டம், நீள மேடு, நீள இறக்கம் இதெல்லாம் அங்க கிடைக்காதே. அவங்க திரும்பி வந்து சொன்னத கேட்டு அவர் மேடு ஏற இன்னொரு கியர் சேத்தாரு.