அடிக்கிற பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கோபம் வந்தால் கை நீட்டிவிடுகிறான். அவனைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்துக் குழுவாகச் சமூகத்திறன் பயிற்சி (மற்றவர்களோடு சண்டையில்லாமல் பழகச் சொல்லித்தரும் பயிற்சி) தரலாம் என்கிறார் பள்ளி ஆலோசகர். அங்கே போய் இன்னும் கெட்டுவிட மாட்டானா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 1999-இல் டிஷியன், மெக்கார்ட், பூலான் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதையே எழுதினார்கள். சிக்கலில் இருந்த வளரிளம் பிள்ளைகளைத் திருத்தவென்று ஒன்றாகச் சேர்த்தபோது, சிலரிடம் புகைப்பழக்கம்கூட அதிகமானது.

எப்படி நடக்கிறது என்று நான் நடத்தும் குழுக்களில் கண்ணெதிரே பார்க்கிறேன். "வரிசையில் ஒருவன் தள்ளினால் என்ன செய்வாய்?" என்று கேட்பேன். ஒருவன் "மூக்கை உடைப்பேன்" என்பான். இரண்டு பேர் களுக்கென்று சிரிப்பார்கள். அவ்வளவுதான், அவனுக்குப் பரிசு கிடைத்துவிட்டது. "டீச்சரிடம் சொல்வேன்" என்றவனுக்குக் கிடைப்பது என் பாராட்டு மட்டும். அந்த வயதில் கூட்டாளியின் சிரிப்புக்கு முன்னால் பெரியவர்களின் 'சபாஷ்' எடுபடாது.

அதனால் சிரிக்காமல் இருந்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தள்ளினால் அவன் என்ன செய்வான் என்று நடித்துக் காட்டும் வேலையை உடனே அவனிடம் கொடுப்பேன். கூடவே இன்னொரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் தனியாகக் காத்திருக்கும் நேரம்தான் எனக்குப் பெரிய கவலை.

குழு என்றாலே கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். லாக்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 360 பேரில் சிலருக்குக் குழுவாகவும் சிலருக்குத் தனியாகவும் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். இரண்டு விதத்திலும் முரட்டுத்தனம் குறைந்தது. ஆசிரியர்களின் கணிப்பில் தனிப்பயிற்சி பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியாத பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். உங்கள் மகன் அந்த ரகம் என்றால் முதலில் தனிப்பயிற்சி கேளுங்கள்.

குழுதான் என்றால், எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள், நிதானமான பிள்ளைகளும் சேர்கிறார்களா என்று ஆலோசகரிடம் விசாரியுங்கள். பெற்றோருக்கும் வகுப்பு உண்டென்றால் விடாமல் போங்கள். அப்புறம், மகன் வீட்டுக்கு வந்ததும் "என்ன படித்தாய்?" என்று கேட்காமல், "இன்று எதற்கெல்லாம் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். வாராவாரம் அடிதடிக் கதைகளே வந்தால் தயங்காமல் ஆலோசகரிடம் சொல்லி, தனிப்பயிற்சிக்கு மாற்றச் சொல்லுங்கள்.